ஆல்காட்டின் வம்சாவளியும் அயோத்திதாசரின் வினாவும்

தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அயோத்திதாசப் பண்டிதரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கிருந்து வடகிழக்கே, பெசன்ட் நகர்க் கடற்கரையின் வடகோடியில், அடையாற்றின் கழிமுகத்தை ஒட்டியுள்ள மீனவர் குப்பம் கர்னல் ஆல்காட்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது. காலையில் கஷாயத்துக்கும் சூரணத்துக்கும் சீட்டு வாங்க வரிசையில் நிற்பவர்களும், ஊரூர் ஆல்காட் குப்பத்து மணலில் வலையைப் பிரித்து உலர்த்துபவர்களும் இவ்விரு பெயர்களையும் நாள்தோறும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் இப்பெயர்களுக்கு உரிய இருவரும் 1898-ஆம் ஆண்டில் கொழும்புக்குப் போய் ஒரே சந்நிதியில் நின்றார்கள் என்பதும், அவர்களை அவ்விதம் இணைத்து வைத்தது "எங்கள் முன்னோர் யார்?" என்ற ஒரு வினாவே என்பதும் நம்மில் பலருக்குத் தெரிந்திராத விருத்தாந்தம். அதைப் பற்றி விரிவாகவே எழுதவேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

குடும்ப சரித்திரங்களைத் தேடிப் படிப்பதில் எனக்கு ஈடுபாடு உண்டு. ராஜாக்களுடைய சரித்திரத்தில் காணக் கிடைக்காத மனித வாழ்க்கை, ஒரு சாதாரணக் குடும்பத்தின் நான்கைந்து தலைமுறைக் கதையில் எப்படியோ வந்து அமைந்துவிடுகிறது. அந்த ஈடுபாட்டினால் அமெரிக்கர்கள் அச்சிட்ட பழைய வம்சாவளி நூல்கள் சிலவற்றை இணையத்தில் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான், தாமஸ் ஆல்காட் என்பவரின் சந்ததியாரைப் பற்றிய நூலொன்று கண்ணில் பட்டது. அதைத் திருத்தி, விரித்து, 1874-இல் மறுபதிப்பாக வெளியிட்டவர் ஹென்றி ஸ்டீல் ஆல்காட். நம்முடைய அடையாற்றுக் கர்னல் ஆல்காட்டேதான். பிரம்மஞான சங்கத்தின் ஸ்தாபகராக மட்டுமே நான் அறிந்திருந்த ஒருவர், அதற்கு முன்பே தம் குலத்தின் ஏடுகளைத் தேடித் தொகுத்தவர் என்று அறிந்ததும், அவர் பிற்காலத்தில் சென்னையில் செய்த காரியங்களெல்லாம் எனக்குப் புதிய பொருளோடு தோன்றலாயின.

கடல் கடந்த குடும்பம்

முதலில் அந்தத் தாமஸ் ஆல்காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1620-க்கும் 1640-க்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 20,000 ஆங்கிலேயர்கள் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் குடியேறினார்கள். அவர்களுள் பெரும்பாலோர் தனியாட்களாகப் போகாமல், மனைவி மக்களோடும் அண்டை அயலாரோடும் கூட்டமாகக் கப்பலேறியவர்கள். அரசாங்கத் திருச்சபையின் சடங்குகளோடு ஒத்துப்போக இயலாமல், தங்கள் மனச்சாட்சிக்கு இசைந்த வழிபாட்டை நாடிச் சென்றவர்கள் பலர். தாமஸ் ஹூக்கர் என்ற பாதிரியார் 1636-இல் சுமார் நூறு பேரையும் நூற்றறுபது மாடுகளையும் கூட்டிக்கொண்டு, பாஸ்டனை அடுத்த நியூடவுனிலிருந்து காட்டு வழியே நடந்து, கனெக்டிகட் நதிக்கரையை அடைந்து நிலைநாட்டிய ஊர் ஹார்ட்ஃபோர்டு. அந்த ஊரின் ஆதிக் குடிகளுள் ஒருவராக எண்ணப்படுகிறவர் வணிகரான தாமஸ் ஆல்காட். அவர் 1654-இல் காலமானார். அவருடைய சந்ததியில், ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1832 ஆகஸ்டு 2-ஆம் தேதி நியூ ஜெர்சி மாகாணத்து ஆரஞ்சு என்ற ஊரில் பிறந்தவர் ஹென்றி.

அக்குடும்பத்தின் வரலாற்றை முதன்முதலில் தொகுத்தவர் ஹார்ட்ஃபோர்டைச் சேர்ந்த நத்தானியல் குட்வின். அவருடைய நூல் 1845-இல் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் பாஸ்டன் நகரில் நியூ இங்கிலாந்து வம்சாவளிச் சங்கமும் தோன்றியது. ஜான் ஃபார்மர் என்பவர் 1829-இல் ஆதிக் குடியேற்றக்காரர்களின் பெயர்ப் பதிவேடு ஒன்றை அச்சிட்டதிலிருந்தே இந்த ஆர்வம் அந்நாட்டில் கிளைத்திருந்தது. ஜேம்ஸ் சாவேஜ் 1860 முதல் 1862 வரை நான்கு பெருந்தொகுதிகளாக வெளியிட்ட அகராதி, ஆதிக் குடிகளின் மூன்று தலைமுறைகளை அகரவரிசையில் நிறுத்திக் காட்டிற்று. இந்தப் பரம்பரையில் வந்ததே ஹென்றி ஆல்காட் திருத்திய பதிப்பும்.

இத்தகைய நூலின் ஒரு பக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பெயருக்கு முன்னே ஒரு வரிசை எண். பெயரை அடுத்து, இன்னாரின் புதல்வர் என்ற குறிப்பு. பின்னர்ப் பிறந்த தேதி, விவாகமான தேதி, மனைவியின் பெயர், அவளுடைய தந்தையின் பெயர், குடிபெயர்ந்து போன ஊர், செய்த தொழில், இறந்த தேதி. கீழே சிறிய எழுத்தில் பிள்ளைகளின் பெயர்கள். சந்ததி தொடர்ந்த பிள்ளைக்குப் புதிதாக ஓர் எண் கொடுத்திருக்கும். அந்த எண்ணைப் பற்றிக்கொண்டு பத்துப் பக்கங்கள் தள்ளினால், அப்பிள்ளை வளர்ந்து தகப்பனாகி நிற்பதைக் காணலாம். சிசுப் பருவத்திலேயே இறந்துபோன குழந்தைக்கும் அங்கே ஒரு வரி உண்டு. பெயரிட்டு, தேதியிட்டு, அது இந்த உலகத்தில் இருந்துபோனதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஹென்றி ஆல்காட்டே தம் நான்கு குழந்தைகளுள் இரண்டைச் சிறு பிராயத்தில் பறிகொடுத்தவர் என்பதை அறிந்த பிறகு, அத்தகைய ஒற்றை வரிகளை என்னால் விரைந்து கடந்துபோக முடியவில்லை.

அமெரிக்க மண்ணில் கீழ்நோக்கி வருவது எளிது. கடலைத் திரும்பக் கடந்து இங்கிலாந்தில் மேல்நோக்கிப் போவதுதான் கடினம். அதற்குத் துணை நிற்பவை முக்கியமாக மூன்று. எட்டாம் ஹென்றியின் மந்திரி தாமஸ் கிராம்வெல் 1538-இல் பிறப்பித்த ஆணையின்படி, ஒவ்வொரு திருச்சபை வட்டத்திலும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றையும் குருமார் எழுதி வைக்கலானது முதலாவது. உயில்கள் இரண்டாவது. "அமெரிக்காவிலிருக்கும் என் சகோதரன் மகனுக்கு" என்று யாரோ ஒரு கிழவர் எழுதிவைத்த ஒரு தொடரால், இரண்டு கண்டங்களில் அறுந்து கிடந்த குடும்பம் மீண்டும் ஒட்டிக்கொள்வதுண்டு. கப்பற் பிரயாணிகளின் ஜாபிதா மூன்றாவது. 1635-இல் லண்டன் துறைமுகத்தில் கப்பலேறியவர்களின் பெயரும் வயதும் எழுதிய பதிவேடு தப்பிப் பிழைத்திருக்கிறது. அதனையும் அதுபோன்ற பிற ஜாபிதாக்களையும் ஜான் காம்டன் ஹாட்டன் தொகுத்து அச்சிட்டது, ஆல்காட்டின் நூல் வெளிவந்த அதே 1874-ஆம் ஆண்டில்.

அடையாற்றுக்கு வந்த வழி

அந்த 1874-ஆம் ஆண்டு ஹென்றி ஆல்காட்டின் ஜீவியத்தில் பெரியதொரு திருப்பம். அதுவரையில் அவர் பல துறைகளில் கைவைத்துக் கீர்த்தி பெற்றவர். வாலிபத்தில் வேளாண்மை கற்றுப் பண்ணைப் பள்ளி நடத்தினார். சர்க்கரைப் பாகு எடுப்பதற்கான இனிப்புச் சோளத்தைப் பற்றி 1857-இல் எழுதிய நூல் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. உள்நாட்டு யுத்தத்தின்போது ராணுவக் கொள்முதலில் நடந்த மோசடிகளைக் கண்டுபிடிக்கும் விசேஷ அதிகாரியாக இருந்து கர்னல் என்ற பட்டம் பெற்றார். ஆபிரகாம் லிங்கன் கொலையைப் பற்றிய விசாரணையிலும் பங்கெடுத்தார். 1868-இல் வக்கீலாகி, இன்ஷூரன்ஸ் வழக்குகளில் தேர்ச்சியடைந்தார். மூலப் பத்திரத்தைப் பார்க்காமல் எதையும் நம்பக் கூடாதென்ற வழக்கறிஞரின் பழக்கமும், கணக்கேட்டில் ஒளிந்திருக்கும் பொய்யைத் துருவிக் காணும் கண்ணும் வம்சாவளி தொகுப்பவனுக்கு எவ்வளவு அவசியம் என்பது அந்த வேலையில் இறங்கியவர்களுக்குத் தெரியும்.

இறந்துபோன முன்னோரை ஏடுகளில் தேடியவர், அதே ஆண்டில் இறந்தோரின் ஆவிகள் தோன்றுவதாகச் சொல்லப்பட்ட வெர்மான்ட் மாகாணத்துப் பண்ணை வீடு ஒன்றைப் பத்திரிகைக்காக ஆராயச் சென்றார். அங்கே, அக்டோபர் 14-ஆம் தேதி, பிளாவட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்தார். மறு ஆண்டு நவம்பர் 17-இல் நியூயார்க்கில் பிரம்மஞான சங்கம் நிறுவப்பெற்றது. 1879 பிப்ரவரியில் இருவரும் பம்பாயில் வந்து இறங்கினார்கள். 1880-இல் இலங்கையின் காலி நகரில் பஞ்ச சீலம் ஏற்றுப் பகிரங்கமாகப் பௌத்தரானார்கள். 1882 டிசம்பரில் அடையாற்றங்கரையில் ஹட்டில்ஸ்டன் தோட்டம் என்ற மாளிகையில் குடியமர்ந்தார்கள். சமயப் பிடிவாதத்தினால் கடல் கடந்த ஆங்கிலக் குடும்பத்தின் வழித்தோன்றல், சமயத் தேட்டத்தினால் வேறொரு கடலைக் கடந்து, நம்முடைய ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது இவ்வண்ணமே.

இப்படி வந்தவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். பாஸ்டனில் 1649-இல் பிறந்த எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் தலைவராக இருந்தார். தமிழ் ஆங்கிலப் பேரகராதியை 1862-இல் சென்னையில் வெளியிட்ட மிரன் வின்ஸ்லோ அமெரிக்காவிலிருந்து வந்த பாதிரியார். அவருடைய மகள் வழியில் கொள்ளுப்பேரனாக வந்தவர், அமெரிக்க வெளிநாட்டு மந்திரியாக விளங்கிய ஜான் ஃபாஸ்டர் டல்லஸ். வேலூர் மருத்துவமனையை உருவாக்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் குடும்பத்துக்கும் மூலம், 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை விட்டு அமெரிக்காவில் குடியேறியவர்களே. ஆயினும் தம் வம்சாவளியைத் தாமே அச்சிட்டுவிட்டு, பின்னர் இந்நாட்டில் வம்சாவளி மறுக்கப்பட்ட மக்களோடு கைகோத்தவர் என்ற சிறப்பு ஆல்காட்டுக்கே உரியது.

பெயரில்லாத ஏடுகள்

இன்று தென்சென்னைப் புறநகர்களாக விளங்கும் பல்லாவரம், தாம்பரம் முதலிய ஊர்கள் அன்று செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை. கும்பினியார் வசம் ஜாகீராக இருந்த அப்பகுதியின் கிராமங்களை 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற கும்பினி இஞ்சினீயர் சர்வே செய்தார். ஏறக்குறைய இரண்டாயிரம் கிராமங்களின் நிலமும் நீரும் தோப்பும் வீடும் குலவாரியாகவும் தொழில்வாரியாகவும் கணக்கெடுக்கப்பட்டன. ஓலைச் சுவடிகளிலும் அக்கணக்குகள் எழுதப்பட்டன. நம் பகுதியின் சரித்திரத்துக்கு அவை விலைமதிப்பற்ற சாதனங்கள். ஆனால் எண்ணிக்கையில் அடங்குவது ஒன்று, பெயரோடு எழுதப்படுவது மற்றொன்று. சேரியில் இத்தனை வீடுகள் என்ற இலக்கத்தைப் பார்க்கும் ஒருவன், அவ்வீடுகளில் தன் முப்பாட்டன் வீடு எது என்று கேட்டால் ஏடு மௌனமாகிவிடும்.

அந்தச் சேரிகளின் நிலைமையைச் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் 1891-இல் அறிக்கையாக எழுதியபோதுதான், தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணை உழுதவர்களுக்கு அதில் உரிமை என்று ஒன்றும் இல்லாமலிருந்தது அரசாங்கத்தின் காதில் விழுந்தது. 1892-ஆம் ஆண்டு உத்தரவின்படி ஒதுக்கப்பட்டு, பஞ்சமி நிலம் என்று இன்றும் நாம் வழங்கும் நிலங்களின் கதை அங்கே தொடங்குகிறது.

இந்தச் சூழ்நிலையில், 1894-இல், ஆல்காட் அடையாற்றின் தென்புறத்தில், ஊரூர்ப் பக்கத்தில், பஞ்சமர் எனப்பட்ட அச்சேரி மக்களுக்காக இலவசப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். பின்னர் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் ஆகிய இடங்களிலும் பள்ளிகள் எழுந்தன. மயிலைப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டது. அக்குழந்தைகளைப் பிரம்மஞானிகளாக்குவதோ பௌத்தராக்குவதோ அவருடைய நோக்கமாக இருக்கவில்லை. எழுதவும் படிக்கவும் கணக்குப் போடவும் கற்றுத் தங்கள் பிழைப்பைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் வல்லமை வந்தால் போதும் என்பதே அவர் விரும்பியது. பள்ளிக்கூடம் என்று ஒன்று ஏற்பட்டால் அதற்கொரு சேர்க்கைப் பதிவேடும் வேண்டும். பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் என்று அதில் எழுதியாக வேண்டும். எத்தனையோ குடும்பங்களுக்குத் தங்கள் பெயர் மரியாதையோடு மையால் எழுதப்பட்ட முதல் ஏடு அத்தகைய பதிவேடாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

அயோத்திதாசர் கேட்டது

அயோத்திதாசப் பண்டிதர் 1845-இல் பிறந்தவர். காத்தவராயன் என்ற இயற்பெயரை விடுத்துத் தம் ஆசிரியரின் பெயரைத் தமதாக்கிக்கொண்டவர். சித்த வைத்தியத்தில் தேர்ந்தவர். பழந்தமிழ் நூல்களில் ஆழ்ந்த பயிற்சி உடையவர். அவருடைய குடும்பத்தில் ஒரு பெருமையான செய்தி வழங்கிவந்தது. பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தபோது, தம் வீட்டில் பரம்பரையாகப் பாதுகாத்துவந்த திருக்குறள் ஓலைச் சுவடியைத் துரையிடம் கொடுக்க, அது எல்லிஸ் என்ற மற்றொரு துரையின் கைக்குப் போய் அச்சேற வழி பிறந்தது என்று பண்டிதரே எழுதியிருக்கிறார். தீண்டத்தகாதவரென்று ஒதுக்கப்பட்ட ஒரு வீட்டின் பரணில் குறள் இருந்தது என்றால், அந்த வீட்டாரின் பூர்வ சரித்திரம் ஊரார் சொல்வது போன்றதாக எப்படி இருக்க முடியும்? அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி முழுவதும் இந்த ஒரு வினாவிலிருந்து விரிந்ததாகவே எனக்குப் படுகிறது.

1892-இல் சென்னை மகாஜன சபையாரிடம், எங்கள் மக்களுக்கும் கோயில்களைத் திறந்துவிடுவீர்களா என்று கேட்டு, மறுக்கப்பட்டு மனம் நொந்தவர் அவர். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1898-இல், தம்மவர்களோடு அடையாற்றுக்கு வந்து ஆல்காட்டின் முன் அவர் வைத்த விண்ணப்பம், பணத்தையோ உத்தியோகத்தையோ பற்றியது அன்று. நாங்கள் இந்நாட்டின் பூர்வ பௌத்தர்கள். சாதி ஏற்பட்டபோது தாழ்த்தப்பட்டவர்கள். எங்கள் மூதாதையரின் மார்க்கத்துக்குத் திரும்ப எங்களுக்கு உதவுங்கள் என்றார்கள். தம் முன்னோரின் பெயரையும் தேதியையும் ஹார்ட்ஃபோர்டு வரையில் பின்தொடர்ந்து சென்று பார்த்த ஒருவரிடம் இந்த விண்ணப்பம் வந்து சேர்ந்ததைப் பொருத்தம் என்றே சொல்ல வேண்டும். அவ்வாண்டிலேயே ஆல்காட், பண்டிதரையும் கிருஷ்ணசாமி என்ற ஆசிரியரையும் கொழும்புக்கு அழைத்துப்போனார்; சுமங்கல மகாதேரரின் முன்னிலையில் அவர்கள் பஞ்ச சீலம் ஏற்றார்கள். திரும்பி வந்த பண்டிதர் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை ஏற்படுத்தினார். 1907-இல் ஒரு பைசாத் தமிழன் பத்திரிகையைத் தொடங்கி, 1914-இல் கண்மூடும்வரை, தம் மக்களின் சரித்திரத்தை வாரந்தோறும் எழுதினார்.

அவர் எழுதியவற்றின் ஒவ்வொரு விவரமும் ஆராய்ச்சியாளர்களின் சம்மதத்தைப் பெறவேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. காஞ்சி முதலிய இடங்களில் பௌத்தம் செழித்திருந்ததை மயிலை சீனி. வேங்கடசாமி 1940-இல் "பௌத்தமும் தமிழும்" என்ற நூலில் சான்றுகளோடு விளக்கினார். ஆராய்ச்சி மேலும் நடக்கட்டும். நான் வணங்குவது அந்த வினாவின் நியாயத்தை. பதிவேடுகள் பிறர் கையில் இருந்தபோது, பதிவேடுகள் இல்லாத மக்கள் தங்கள் முன்னோரைச் சொற்களிலும் பழமொழிகளிலும் பண்டிகைகளிலும் ஓலைச் சுவடிகளிலும் தேடுவதைத் தவிர வேறென்ன செய்திருக்க முடியும்?

இந்த நியாயம் ஹார்ட்ஃபோர்டுக்கும் பொருந்தும். அந்த ஊர் தோன்றிய மறு ஆண்டே, 1637-இல், குடியேறியவர்கள் பீக்குவாட் என்ற அந்நாட்டுப் பழங்குடியினரோடு யுத்தம் செய்து அவர்களைச் சிதறடித்தார்கள். 1638-இல் ஹார்ட்ஃபோர்டிலேயே கையெழுத்தான உடன்படிக்கையில், எஞ்சிய மக்கள் தங்களைப் பீக்குவாட் என்று சொல்லிக்கொள்ளவும் கூடாது என்று விதித்தார்கள். குடியேறியவர்களின் சிசுக்களுக்குக்கூட ஏட்டில் ஒரு வரி கிடைத்த நாட்டில், ஒரு ஜனசமூகத்தின் பெயரே தடை செய்யப்பட்டது. ஆயினும் அப்பெயர் அழியவில்லை. மஷான்டக்கெட் பீக்குவாட் மக்கள் 1983-இல் அமெரிக்க அரசாங்கத்தின் அங்கீகாரத்தைப் பெற்றார்கள்.

நாம் செய்ய வேண்டியது

வம்சாவளியைக் குலப்பெருமைக்குச் சாதனமாக்குவோர் எக்காலத்திலும் உண்டு. அவர்களால் அதன் மேன்மை குன்றிவிடாது. நான் எங்கிருந்து வந்தேன் என்று அறிவது மனிதனுக்கு உரிமை. தன் பிள்ளைகளுக்கு அதை எழுதிவைப்பது கடமை. ஆல்காட்டுக்கு வாய்த்த பதிவேடுகள் நமக்கு இல்லை என்று சோர்ந்துவிட வேண்டியதில்லை. பழைய கிரயப் பத்திரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். "இன்னார் பேரன், இன்னார் குமாரன்" என்று மூன்று தலைமுறை ஒரே வரியில் வந்து நிற்கும். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் உள்ள பழைய தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளும் கல்லறைக் கற்களும் இருக்கின்றன. பாட்டனார் பள்ளியை விட்டபோது வாங்கிய சான்றிதழ் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும்.

கடல் கடந்தவர்களுக்கும் ஏடு உண்டு. 1860-இல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை முதன்முறையாக ஏற்றிச் சென்றது. அந்தப் பிரயாணங்களின் ஜாபிதாக்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பிலுள்ள அங்க அடையாளம் எல்லாம் எழுதியிருக்கின்றன. கூலி தப்பி ஓடிவிடாமல் காவல் வைக்க எழுதிய அந்த வரிகளைப் பற்றிக்கொண்டு, தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் செங்கல்பட்டு ஜில்லாக் கிராமங்களுக்குத் தங்கள் பாட்டன் வீட்டைத் தேடி வரமுடிகிறது. லண்டன் துறைமுகத்து 1635-ஆம் ஆண்டுப் பதிவேடு அமெரிக்கர்களுக்கு என்ன பயன் தந்ததோ, அதே பயனை இது இவர்களுக்குத் தருகிறது.

ஆகவே இதைப் படிக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் எழுபது வயதைத் தாண்டியவர் இருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமையே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் பக்கத்தில் உட்காருங்கள். தகப்பன் வழியை மட்டும் கேட்டு எழுந்துவிடாமல், பாட்டிகளின் பெயரையும், அவர்கள் எந்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தார்கள் என்பதையும், வளராமல் போன பிள்ளைகளின் பெயரையும் கேட்டு எழுதுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்தவர்கள், உங்கள் நிலத்தில் உழுதவர்கள் யாரென்று அவருக்கு நினைவிருந்தால் அவர்களையும் பெயரோடு எழுதுங்கள். உங்கள் பெட்டியிலுள்ள பத்திரத்தில் அவர்களுடைய முன்னோரின் பெயர் சாட்சிக் கைந்நாட்டாக இருக்கக்கூடும். அதன் நகல் ஒன்றை அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அயோத்திதாசர் கேட்ட வினாவுக்கு நம்மைப் போன்றவர்களால் செய்யக்கூடிய பதில் இதுவே.